பத்து மணிக்குப் பிறகு உறையும் கணினி: நினைவகம் கூட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், ஒரு சந்தியோரமாக இருக்கும் கொமினிகேஷன் கடையில் 2024 மாரி காலத்தில் நடந்தது இது. கடையை நடத்துபவர் ஒரு அக்கா. மத்தியானத்துக்குப் பிறகு அவருடைய தம்பி வந்து உதவுவார். போட்டோக்கொப்பி, டைப்பிங், லமினேட்டிங், இணையத்தில் படிவம் நிரப்புதல், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுத்தல், படம் திருத்துதல் என்று எல்லா வேலையும் அங்கே நடக்கும். யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை விட்டிருக்கிறேன்.

வன்னியில் இப்படியான கடைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இடம்பெயர்ந்த இடமெல்லாம் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு திரிந்து காப்பாற்றிய காணி அனுமதிப்பத்திரங்கள், பிறப்பு அத்தாட்சிகள், கல்யாணப் படங்கள் எல்லாம் இந்த ஸ்கானர் கண்ணாடிக்குத்தான் வந்து சேரும். மை கரைந்திருக்கும், மடிப்பில் கிழிந்திருக்கும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கவோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பவோ அவற்றை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பத்திரம் உள்ளே இருக்கும்போது கணினி உறைந்து நின்றால், கொண்டுவந்தவர் படும் பதற்றம் சின்ன விசயமில்லை. அந்தக் கடையின் மந்தத்தை நான் இவ்வளவு கவனமாகப் பார்க்க அதுதான் காரணம்.

கடையில் இரண்டு கணினிகள். முதலாவது, கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது. மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 சிபியு (கணினியின் மூளை), எச்61 வகை மதர்போட் (பாகங்களைப் பொருத்தும் பலகை), ஒரே ஒரு 4 ஜிபி டிடிஆர்3 வகை றாம் (வேலை நடக்கும்போது கணினி பாவிக்கும் தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹாட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. முக்கிய வேலை எல்லாம் இதில்தான். இரண்டாவது அதைவிடப் பழசு. கோர் 2 டியோ, 2 ஜிபி றாம், 32 பிட் விண்டோஸ் 7. டைப்பிங்கும் பிரிண்டும் மட்டும் அதில்.

“தம்பி, இதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு புதுசு ஒண்டு எடுக்கட்டோ?” என்று அக்கா என்னைக் கேட்டார். “கொஞ்சம் பொறுங்கோ அக்கா, முதல்ல என்ன நடக்குதெண்டு பாப்பம்” என்றேன். 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பிறகு, புதுக் கணினி என்பது இப்படியான கடைக்கு லட்சத்தைத் தாண்டுகிற முடிவு. கடன் பட்டு எடுத்த பிறகும் அதே மந்தம் இருந்தால் ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாது.

கண்டவை

முதலில் கேட்டது, எப்போது மந்தம் என்பதைத்தான். “எப்பவும்தான்” என்றார் அக்கா. தம்பி சொன்னதில் விபரம் இருந்தது. காலையில் கணினி எழும்ப நேரமெடுக்கும், ஆனால் எழும்பிய பிறகு கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பத்து மணிக்குப் பிறகு ஆட்கள் கூடும்போதுதான் உறையத் தொடங்கும். ஸ்கேன் செய்து சேமிக்கும்போது மோசம். எல்லாவற்றையும் மூடிவிட்டாலும் உடனே சரிவராது, பிறகு தானாகத் தெளியும்.

இதற்குள் இரண்டு வேறு மந்தங்கள் இருந்தன. எழும்பும்போது வருவது ஒன்று, வேலை கூடும்போது வருவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

வேலை நேரத்தில் பக்கத்தில் இருந்து, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு பாவனையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தோம். குரோமில் பதினைந்துக்கு மேல் தாவல்கள், வட்ஸ்அப் வெப், போட்டோஷொப், ஸ்கானர் மென்பொருள் எல்லாம் திறந்திருந்தன. நினைவகம் 93 வீதம். ஹாட் டிஸ்க் 100 வீதத்தில் அசையாமல் நின்றது. சிபியு 30 வீதத்தைக்கூடத் தாண்டவில்லை. அதாவது சிபியு வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. நினைவகப் பக்கத்தில் ‘கொமிட்டட்’ என்று ஒரு வரி இருக்கும். திறந்திருக்கும் மென்பொருட்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் மொத்த அளவு அது. அங்கே 6 ஜிபிக்கு மேல் காட்டியது. உள்ளே இருப்பதோ 4 ஜிபி.

மிச்ச 2 ஜிபிக்கு மேற்பட்டது எங்கே போகிறது? விண்டோஸ் அதை, றாமுக்கு மாற்றாக ஹாட் டிஸ்கில் ஒதுக்கி வைத்திருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்புக்குத் தள்ளுகிறது. வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் ஹாட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் போகும். தலை இடம் மாறும் நேரம் அதற்கு மேலே. றாமில் ஒரு தரவை எடுக்க ஒரு மில்லிசெக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ரிசோர்ஸ் மொனிட்டரில் ‘ஹாட் ஃபோல்ட்ஸ்’ என்ற கோடு இப்படி டிஸ்கிலிருந்து திரும்ப எடுக்கும் தடவைகளைக் காட்டும். தம்பி ஒரு தாவலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு உச்சிக்குப் போனது.

ஸ்கேன் ஏன் அவ்வளவு மோசம் என்பதும் அங்கேயே விளங்கியது. அக்கா எல்லாவற்றையும் 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) கலரில்தான் எடுப்பார். “தெளிவா இருக்கட்டும், பிறகு ஆள் திரும்பி வரக்கூடாது” என்பது அவருடைய எண்ணம், நல்ல எண்ணம்தான். ஆனால் 600 டிபிஐயில் ஒரு ஏ4 தாள் 4960க்கு 7016 புள்ளிகள், கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி. ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் என்றால் சுருக்காத நிலையில் 100 எம்பியைத் தாண்டும். போட்டோஷொப் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலையை வைத்திருப்பதால், நாலைந்து தாளைத் திறந்து கறையைத் துடைத்தாலே ஒரு ஜிபி போய்விடும். அதே தாளை 300 டிபிஐயில் எடுத்தால் நாலில் ஒரு பங்கு, ஏறக்குறைய 26 எம்பி.

வேறு காரணம் இருக்கலாம் என்பதால் ஹாட் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விபரத்தையும் பார்த்தோம். பழுதான செக்டர் எதுவும் காட்டவில்லை. வைரஸ் சோதனையிலும் ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது சிபியு விசிறிக்குக் கீழே கிரவல் ரோட்டுச் செம்மண் படை படையாக இருந்தது. அதைத் துப்புரவாக்கினோம். வெப்பம் இறங்கியது, மந்தம் அப்படியே இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன: புதுக் கணினி, எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சுற்றாத வேகமான டிஸ்க்), றாம்.

இப்போது யாரைக் கேட்டாலும் பழைய கணினிக்கு முதலில் எஸ்எஸ்டி போடச் சொல்வார்கள். பொதுவாக அது சரியான ஆலோசனைதான். இங்கே நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எஸ்எஸ்டி போட்டால் காலை மந்தம் போகும், பேஜ் ஃபைலும் வேகமாகும். ஆனால் 4 ஜிபிக்குள் 6 ஜிபி வேலையைத் திணிப்பது தொடரும். நாள் முழுக்க எஸ்எஸ்டியில் எழுதி அழித்துக்கொண்டே இருக்கும். அக்காவுக்குக் காசு போவது பத்து மணிக்குப் பிறகு வரும் மந்தத்தால். அந்த நேரத்தில் குறைவாக இருப்பது நினைவகம் என்று எண்களே காட்டின. ஆகவே றாம் முதலில், எஸ்எஸ்டி காசு சேர்ந்த பிறகு.

எவ்வளவு போடுவது? எச்61 மதர்போட்டில் இரண்டு இடங்கள், மொத்தமாக 16 ஜிபி வரை ஏற்கும். இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்க்கத் தீர்மானித்தோம். தேவை 6 ஜிபி அளவில் இருந்தது, ஸ்கேன் அளவைக் குறைத்தால் இன்னும் இறங்கும். ஒரே அளவான இரண்டு றாம் இருந்தால் இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் தரவு போகும்; தனி கிராபிக்ஸ் காட் இல்லாத கணினிக்கு அது நல்லது. இன்னொரு காரணம்: டிடிஆர்3 றாம் நாளைக்கு வாங்கப்போகும் எந்தப் புதுப் பெட்டிக்குள்ளும் போகாது. அதில் போடும் காசு இந்தப் பெட்டியோடு முடிகிற காசு. தேவைக்கு மேல் போடுவதில் அர்த்தமில்லை.

விண்டோஸ் 64 பிட்தானா என்றும் உறுதிப்படுத்தினோம். 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை.

இரண்டாவது கணினிக்கும் சேர்த்துப் போடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அதில் டைப்பிங் நடக்கும்போது 2 ஜிபியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் போகிறது, டிஸ்க் சும்மா கிடக்கிறது. போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டதால், அதை இணையத்திலிருந்து கழற்றி, பிரிண்டருக்கு மட்டும் விட்டோம்.

கனடாவில் இருக்கும் அவருடைய மச்சான் தன்னுடைய பழைய றாமை அனுப்புவதாகச் சொன்னார். படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அது மடிக்கணினிக்கான டிடிஆர்4, நீளமும் வெட்டும் வேறு. தபால் செலவு மிச்சமானது.

வாங்கியதும் வந்த சிக்கலும்

தம்பி வேறு அலுவலாக நகரத்துக்குப் போனபோது ஒரு கடையில் 4 ஜிபி விலைக்கே 8 ஜிபி டிடிஆர்3 கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு வந்தார். சந்தோசமாக வந்த பொடியனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யார் என்றாலும் வாங்கியிருப்பார்கள்.

போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, மதர்போட்டிலிருந்து விட்டு விட்டு பீப் சத்தம். பழைய றாமை மட்டும் போட்டால் எழும்புகிறது. புதியதை மட்டும் போட்டால் திரும்பவும் அதே சத்தம். லேபலைத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏஎம்டி என்று இருந்தது.

இது பலருக்குத் தெரியாத விசயம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். றாமிலிருந்து தரவு 64 பிட் அகலத்தில் போகும். வழக்கமான மேசைக் கணினி றாமில் ஒவ்வொரு சில்லும் (சிப்) 8 பிட் தரும், அப்படி எட்டுச் சில்லு சேர்ந்து 64. சில மலிவான றாம்களில் 4 பிட் சில்லுகள் பதினாறைச் சேர்த்து 64 ஆக்கியிருப்பார்கள். ஏஎம்டி சிபியு உள்ள பலகைகள் அதை ஏற்கும். இன்டெலின் மேசைக் கணினிகள் ஏற்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஊசிகள் 240, வெட்டும் அதே இடத்தில். செருகலாம், வேலை செய்யாது. விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

விற்ற கடைக்காரர் முதலில் திருப்பி எடுக்க மறுத்தார். “எங்கட மெசினில வேலை செய்யுது” என்றார், அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். லேபலின் படத்தையும் எங்களுடைய மதர்போட்டின் பெயரையும் அனுப்பிய பிறகு, கொஞ்சம் காசு கழித்துக்கொண்டு, 4 ஜிபி 1600 வேகப் பாவித்த றாம் ஒன்றை மாற்றித் தந்தார். பழைய றாம் 1333 வேகம். இரண்டையும் சேர்த்தால் இரண்டும் 1333இல் ஓடும். அது பரவாயில்லை, இந்த வேலைக்கு வேகத்தைவிட அளவுதான் முக்கியம்.

பொருத்தலும் சோதனையும்

மின்வயரைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். இரண்டு பக்கக் கொழுவியும் தானாக மூடும் வரை றாமை அழுத்தினோம். கணினி எழும்பியது, 8 ஜிபி காட்டியது. அக்காவின் முகம் மலர்ந்தது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

ஆனால் பாவித்த றாம் என்பதால், றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை யுஎஸ்பியில் போட்டு ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்திலேயே பிழையைக் காட்டும் சிவப்புக் கோடுகள் வந்தன. பழி உடனே புதிய றாம் மேல்தான் விழுந்தது. தம்பி திரும்பவும் நகரத்துக்கு வெளிக்கிடத் தயாரானார்.

முதலில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றேன். புதிய றாமை மட்டும் முதலாவது இடத்தில் போட்டோம்: பிழை இல்லை. அதையே இரண்டாவது இடத்தில்: பிழை. அப்புறம் பல வருடம் நன்றாக ஓடிய பழைய றாமை இரண்டாவது இடத்தில் போட்டோம்: அதற்கும் பிழை. ஆக, குற்றம் றாமில் இல்லை, மதர்போட்டின் இரண்டாவது இடத்தில். இந்தக் கணினி வந்த நாளிலிருந்து அந்த இடம் வெறுமையாகத் திறந்து கிடந்திருக்கிறது. செம்மண் தூசும் மாரி ஈரமும் சேர்ந்து உள்ளே படிந்திருந்தன.

மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டி, ஐசோபுறோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டோம். றாமின் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தோம். இரண்டையும் பொருத்தி, கரண்ட் போனாலும் நிற்காதபடி யுபிஎஸ்சில் கொடுத்து, இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது. காலையில் பிழை ஒன்றும் இல்லை.

இந்தப் பிழைகளோடு வேலை தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். கணினி சும்மா நின்று போவதோடு முடியாது. ஸ்கேன் செய்த பத்திரத்தின் கோப்பு, சேமிக்கும்போதே பழுதாகிப் போகலாம். ஆள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அது தெரியவரும்.

பிறகு நடந்தது

ஒரு வேலைநாளில் முந்தியதைப் போலவே எல்லாவற்றையும் திறந்துவைத்துப் பார்த்தோம். நினைவகம் 8 ஜிபியில் ஐந்தரை அளவில் நின்றது. ‘கொமிட்டட்’ முன்பு இருந்த அதே 6 ஜிபிச் சொச்சம், ஆனால் இப்போது அது உள்ளே அடங்குகிறது. டிஸ்க் பெரும்பாலும் 20 வீதத்துக்குக் கீழே. தாவல் மாறும்போது இருந்த இழுவை போய்விட்டது. நிமிடக் கணக்கில் நின்ற 600 டிபிஐ ஸ்கேன், செக்கன் கணக்கில் சேமித்தது.

எழும்பும் நேரம் மட்டும் மாறவில்லை. அது மாறாது என்று முதலே சொல்லி வைத்திருந்ததால் ஏமாற்றம் இருக்கவில்லை. இப்படி முன்கூட்டிச் சொல்வது வேலையின் பாதி என்று நினைக்கிறேன். றாம் போட்டால் எல்லாம் பறக்கும் என்று நம்பி வருபவர்தான் பிறகு மனம் வெறுத்துப் போகிறார்.

ஸ்கேன் பழக்கத்தையும் மாற்றினோம். படிவத்துக்கும் அடையாள அட்டைப் பிரதிக்கும் 300 டிபிஐ போதும். பழைய படங்கள், மை மங்கிய பத்திரங்களுக்கு மட்டும் 600. ஸ்கானர் மென்பொருளில் இரண்டையும் தனித்தனித் தெரிவாகச் சேமித்துவைத்தோம், அக்காவுக்கு ஒரு கிளிக்தான். வட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்புகளும் சிறிதாகின. டேட்டா மிச்சம்.

கொஞ்ச நாளில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, திரும்பவும் 70 வீதம் காட்டுது, நிரம்பப் போகுது போல.” நினைவகம் நிரம்பியிருப்பது தன்னளவில் கெடுதல் இல்லை. இடம் இருந்தால் விண்டோஸும் குரோமும் அதை எடுத்துக்கொள்ளும், சும்மா கிடக்கும் றாமால் யாருக்கும் பயனில்லை. டிஸ்க் 100இல் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை என்றார். அப்படியென்றால் சரி.

2025இல் ஒரு எஸ்எஸ்டியும் போட்டார். காலை மந்தம் அதோடு தீர்ந்தது.

அடுத்த முறை மாற்றுவது

வரிசையில் ஸ்கேன் பழக்கத்தை முன்னுக்குக் கொண்டுவருவேன். காசில்லாமல் செய்யக்கூடியது அது. சில கடைகளில் அது மட்டுமே போதுமாக இருக்கும்.

வாங்கப் போகிறவரின் போனில் இரண்டு படங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: இருக்கும் றாமின் லேபல், மதர்போட்டின் பெயர். வேலை செய்யாவிட்டால் மாற்றித் தரவேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கவும் வேண்டும். வாய்ப் பேச்சு நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் தொலைந்து போகும், போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் உழைப்பும் ஒரு றாமின் விலையில் நல்ல பங்கு. வெறுமையாகக் கிடக்கும் இடத்தைப் புதிய றாம் போட முதலே துப்புரவாக்க வேண்டும். வன்னித் தூசில் இதை விதியாகவே வைத்திருக்கலாம்.

மெம்டெஸ்ட் பற்றி மாற்ற எதுவும் இல்லை. மாற்றித் தரும் காலம் முடிய முன் அது ஓடியே ஆகவேண்டும்.

இப்போது நிலுவையில் இருப்பது

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும்; இந்த மூன்றாம் தலைமுறைக் கணினிக்கு அது கிடைக்காது, எவ்வளவு றாம் போட்டாலும் கிடைக்காது. வீட்டுப் பாவனையாளருக்கான நீட்டிப்பில் பதிந்து 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் வர ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்குள் அக்கா காசு சேர்த்து, பாவித்த எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றை எடுக்க நினைத்திருக்கிறார். எஸ்எஸ்டியைக் கழற்றி அந்த எட்டாம் தலைமுறைப் பெட்டிக்கு மாற்றுவோம். டிடிஆர்3 றாம் இரண்டும் பழைய பெட்டியிலேயே இருக்கும், அந்தப் பெட்டி இணையம் இல்லாமல் ஸ்கானரோடு மட்டும் ஓடும்.